பத்திரிகை வாசிக்கிற கன்னியப்பன்

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ ஒரு நிச்சயதார்த்தம் என்றால், பூக்காரருக்குச் சொல்வதற்கு முன்னால் என் வீட்டுக்காரருக்குச் சொல்லிவிடுவார்கள். சாப்பிட வரச்சொல்லி அல்ல, பத்திரிகை வாசிக்க வரச்சொல்லி. தட்டு மாற்றுவதற்கு முன்னால் லக்ன பத்திரிகையைச் சபையில் நின்று உரக்கப் படிக்க வேண்டும். படித்து முடிக்கும்வரை தட்டு நகராது, பெண்ணையும் உள்ளேயிருந்து அழைத்து வரமாட்டார்கள். என் வீட்டுக்காரர் கன்னியப்பன் மைக் இல்லாமலே கடைசி நாற்காலிக்குக் கேட்கும்படி ‘நிகழும் மங்களகரமான’ என்று ஆரம்பித்தால், கோத்திரம், ஊர், பேர், முகூர்த்த நேரம் எல்லாவற்றையும் தாண்டி ‘சுபம்’ என்கிற இடத்தில்தான் மூச்சு விடுவார். இருபது வருஷமாக இதுதான் வழக்கம். கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொள்வார் என்பதும் ஊருக்குத் தெரியும்.

அந்தக் குரல் எஸ்டேட்டில் கிடைத்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிற வேலை. சங்கத்துக் கோரிக்கைகளை கேட் வாசலில் நின்று வாசிக்க ஆள் தேடியபோது இவரைத் தள்ளிவிட்டார்கள். உள்ளே மெஷின் சத்தம், வெளியே லாரி சத்தம், நடுவில் இவர். மேனேஜர் அறைக்கே கேட்கும் என்பார்கள். கோரிக்கை நிறைவேறியதோ இல்லையோ, வாசித்தவருக்குப் பெயர் வந்துவிட்டது. எட்டாவது படித்த மனுஷனுக்கு அது பெரிய கிரீடம். வீட்டில்கூட மளிகைச் சாமான் பொட்டலத்துக் காகிதத்தைப் பிரித்து உரக்கப் படித்துக்கொண்டிருப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். “யோவ், மனசுக்குள்ள படிய்யா” என்பேன். மனசுக்குள் படித்தால் அது படிப்பா என்பார்.

போன வருஷம் காலையில் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது குளியலறையில் விழுந்தார். மூளையின் இடது பக்கம் ரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது வலது கை தொங்கியது, வாய் கோணியது, பேச்சு ஒன்றிரண்டு வார்த்தையாகத் துண்டு துண்டாக வந்தது. “தண்ணி.” “சோறு.” “ஃபேன்.” அவ்வளவுதான். வசவு மட்டும் முன்னைவிட நன்றாக வந்தது. காபி ஆறிவிட்டால் ‘சனியனே’ என்று தெளிவாக, மண்டபத்துக் குரலில் விழும். அந்த ஒரு வார்த்தைக்காக ஆரம்பத்தில் நான் சந்தோஷப்பட்டேன் என்றால் பாருங்கள்.

படிப்பு போய்விட்டது என்பது பேப்பரை விரித்த அன்றைக்குத் தெரிந்தது. விரித்தார், பார்த்தார், மடித்தார், என் மேல் வீசினார். எங்கள் பெண் ஜோதிகா முகப்பேரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு இதெல்லாம் தெரியும் என்று நாங்கள் நினைத்தோம், அவளும் நினைத்துக்கொண்டாள். படிப்பு மறந்துவிட்டது என்றால் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதுதானே. பக்கத்து வீட்டு சபீனாவிடம் அவள் பிள்ளை படித்துக் கிழித்த ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கிவந்தாள். பலகையும் வாங்கினாள். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து அ, ஆ எழுதினாள்.

அவர் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ‘அ’ வரவில்லை, ‘ஆ’ வரவில்லை. எச்சில் வடிந்ததுதான் மிச்சம். ஒரு மாதத்துக்கு மேல் தினமும் சாயங்காலம் இந்தக் கூத்து. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, “கேட்ல நின்னு பட்ச்ச மனுசன், பாவம், அ ஆவன்னாவுக்கு வந்துட்டாரு” என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். ஒரு நாள் பலகையை இடது கையால் எடுத்துச் சுவரில் அடித்தார். இரண்டாக உடைந்தது. ஜோதிகா அழுதாள். நான் அவளைத் திட்டினேன், அவரைத் திட்டினேன், சபீனா எட்டிப் பார்த்தாள், அவளையும் திட்டினேன்.

அது எங்கள் முட்டாள்தனம் என்று தெரிந்தது பஸ் ஸ்டாப் பெட்டிக்கடையில். அவரை நடக்கவைக்க அழைத்துப் போயிருந்தேன். கடை வாசலில் பேப்பர்காரர்கள் தொங்கவிடுகிற தலைப்புச் செய்தித் தாள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இவர் நின்றார். “கொல” என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாளில் பெரிதாகக் கொலை என்றுதான் இருந்தது. பக்கத்துத் தாளில் தங்கம் என்று இருந்தது. அதைப் பார்த்து “நகை” என்றார். அதற்குக் கீழே ‘மீண்டும்’ என்று இருந்தது. அதைக் காட்டினேன். வாயைத் திறந்தார், மூடினார், கழுத்து நரம்பு புடைத்தது. “போடி” என்றார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற கிருஷ்ணப்பிரியாவிடம் இதைச் சொன்னேன். நாகர்கோவில் பக்கத்துப் பெண், பொறுமைசாலி. அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். கத்தரிக்காய் வந்தது. கத்தி வந்தது. சாவு வந்தது. ஆசை வந்தது, கொஞ்சம் வெட்கத்தோடு. ‘மருத்துவமனை’ என்ற அட்டைக்கு “ஆஸ்பத்திரி” என்றார். ‘இல்லம்’ என்பதற்கு “ஊடு” என்றார். ‘ஆகவே’ என்ற அட்டையைக் காட்டியதும் மேஜையைக் குத்தினார்.

“அம்மா, படிக்கறதுக்கு மூளையில ரெண்டு வழி இருக்கு” என்றாள் கிருஷ்ணப்பிரியா. “ஒண்ணு, எழுத்தைக் கூட்டிச் சத்தமாக்கறது. இன்னொண்ணு, வார்த்தையை மொத்தமாப் பார்த்து நேரா அர்த்தத்துக்குப் போறது. ஐயாவுக்கு முதல் வழி அடைஞ்சிருக்கு. அதனால ஆனா ஆவன்னா அவருக்கு வரவே வராது, அதைச் சொல்லிக்கொடுத்து அவரை வதைக்காதீங்க. ரெண்டாவது வழி பாதி திறந்திருக்கு. கண்ணை மூடினா படமாத் தெரியற வார்த்தை அதுல போகும். மனசைத் தொடற வார்த்தையும் போகும், நல்லதோ கெட்டதோ. ஆகவேன்னா என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. அது உள்ள போகாம நின்னுடும்.”

“அப்ப இல்லம்னு இருக்கறத ஊடுன்னு ஏன் சொல்றாரு?”

“அர்த்தம் வந்துடுது, அந்தச் சத்தம் வரலை. அவருக்குப் பழகின சத்தத்தைப் போட்டுக்கறார். தப்பாப் படிக்கறார்னு நினைக்காதீங்க, அது படிக்கறதுதான்.”

எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அவருக்கு இல்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருக்கிற வார்த்தையை இருக்கிறபடி சொன்னால்தான் அவர் கணக்கில் வாசிப்பு. எழுதியிருப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்று என்றால் அது சோம்பேறிப் பையன்கள் செய்கிற வேலை.

இந்த நிலைமையில்தான் ஜோதிகாவுக்கு வரன் அமைந்தது. பையன் கிஷோர், பூந்தமல்லி. அவன் அப்பா தங்கராஜ் தண்ணீர் லாரி வைத்திருக்கிறார், பேச்சில் கறார். ஆவணியில் நிச்சயம் என்று நாள் குறித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே இவர் என்னைக் கூப்பிட்டார். தன் நெஞ்சைத் தொட்டார். “நானு” என்றார். கையில் தாள் பிடிப்பதுபோல் காட்டினார்.

எனக்குப் புரிந்தது. புரிந்தும் புரியாததுபோல் சமையலறைக்குப் போய்விட்டேன். பின்னாலேயே வந்தார்.

“யோவ், வேணாம்யா. அவங்க சைட்ல பையனோட பெரியப்பா கீறாரு, மனோகரன், எட்மாஸ்டரா இருந்தவரு. அவரே ரெண்டு பத்திரிகையும் பட்ச்சிடட்டும்.”

“நானு.”

“ஊருக்கெல்லாம் பட்ச்சது போதாதா? சபையில நின்னு திணறணுமா? நம்ம பொண்ணு மானம் போவணுமா?”

தண்ணீர் டம்ளர் பறந்தது. நான் குனிந்துகொண்டேன். ஆத்திரத்தில் நான் அந்த டம்ளரை எடுத்து மறுபடி அவர் முன்னால் வைத்து, “இன்னொரு வாட்டி வீசு” என்றேன். வீசவில்லை. உட்கார்ந்து அழுதார். பக்கவாதம் வந்தபோதுகூட அழாதவர்.

அந்த அழுகை எதற்கு என்று எனக்குத் தெரியும். பெண் பிறந்தபோது அவர் அம்மா குலதெய்வத்தின் பெயர் வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வேம்புலியம்மாள் என்று வைக்காவிட்டால் வீட்டுக்குள் வரமாட்டேன் என்றார். இவர் யாரிடமும் சொல்லாமல் நகராட்சி ஆபீசுக்குப் போய், ஜோதிகா என்று தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வாழ்க்கையில் அம்மா பேச்சை அவர் மீறியது அந்த ஒரு தடவைதான். ஜோதி என்றால் விளக்கு, நம் வீட்டில் இதுவரை யாருக்கும் இல்லாத பெயர் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் பெயரைச் சபையில் நிறுத்தி வாசிக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு. மீதிப் பத்திரிகையைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இருந்ததாகத் தோன்றவில்லை.

ஐயர் எழுதிய பத்திரிகையின் நகல் ஒன்றை வாங்கி வந்தோம். காலையில் நான் வேலைக்குப் போவதற்கு முன் அரை மணி நேரம் பயிற்சி. அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை வலிக்கிறது. முதல் வார்த்தையே ‘நிகழும்’. இந்த வார்த்தையை யார் கண்டுபிடித்தார்களோ, நன்றாக இருக்கட்டும். கண்ணை மூடினால் என்ன தெரியும் அதில்? ‘மங்களகரமான’, அதுவும் அப்படியே. ‘முன்னிட்டு’, ‘நிச்சயிக்கப்பட்டு’ என்று அடுக்கடுக்காக எழுதி வைத்திருந்தார்கள். ஒரு கத்தரிக்காய்கூட இல்லை.

நான் சொல்லச்சொல்லத் திருப்பிச் சொல்லுவார். தாளைப் பார்த்ததும் போய்விடும். “பார்க்காமலே சொல்லேன்யா, உனக்கு மனப்பாடமாச்சே” என்று கெஞ்சினேன். பார்க்காமலும் வரவில்லை. வந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். “ஏமாத்து” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

வந்ததெல்லாம் வேறு மாதிரி வந்தது. ‘மணமகன்’ என்ற இடத்தில் “மாப்ள”. ‘திருமணம்’ என்ற இடத்தில் “கண்ணாலம்”. ‘புதல்வி’ என்ற இடத்தில் “பொண்ணு”. அச்சுத் தமிழ் உள்ளே போய் எங்கள் வீட்டுத் தமிழாக வெளியே வந்தது. ஜோதிகா என்ற இடத்தில் ஒரு நாள் “வெளக்கு” என்றார். நான் சிரித்துவிட்டேன், அவருக்கு அது பிடிக்கவில்லை. மற்ற நாளெல்லாம் “பாப்பா”. வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். தாளில் ஜோதிகா என்று இருக்கும், விரல் அதன் மேல் இருக்கும், வாயில் பாப்பா வரும், உடனே தலையை ஆட்டுவார், மறுபடி விரலை வைப்பார், மறுபடி பாப்பா. தப்பு என்பது அவருக்குத் தெரிகிறது, சரி எது என்பதும் தெரிகிறது, வாய்க்கு மட்டும் தெரியவில்லை. இப்படி ஒரு தண்டனையை எந்த எதிரிக்கும் நான் நினைக்கமாட்டேன்.

அயனம்பாக்கம் ஏரிக்கு அருகில் ஒரு சின்ன ஹாலில் நிச்சயம். பட்டுச் சட்டை, ஜரிகை வேட்டி, கழுத்தில் துண்டு, இவர் முன்வரிசையில். முதலில் பையன் வீட்டுப் பத்திரிகையை மனோகரன் வாசித்தார். ரேடியோ செய்திபோல் வழவழவென்று போனது. கடைசி நாற்காலிக்குக் கேட்கவில்லை என்பது எனக்கு அல்ப திருப்தி.

பிறகு எங்கள் பத்திரிகை. இவர் எழுந்தார். எங்கள் தெரு ஜனம் முழுக்க வந்திருந்தது, அத்தனை பேர் வீட்டு விசேஷத்திலும் இவர்தான் வாசித்தவர். தாளை இடது கையில் பிடித்தார். வாய் திறந்தது. நிகழும் வரவில்லை.

நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். நிகழும், நிகழும், நிகழும். மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. குழந்தை ஒன்று சிரித்தது, யாரோ அதட்டினார்கள். இவர் முகம் சிவந்துகொண்டே போனது.

“சம்பந்தி, நீங்க உக்காருங்க” என்றார் தங்கராஜ். “நேரம் போய்கினே கீது. அண்ணனே இதையும் பட்ச்சிடட்டும்.”

மனோகரன் எழுந்து வந்து, மரியாதையாகத்தான், தாளை வாங்கக் கையை நீட்டினார். இவர் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “போடா சனியனே” என்றார். கடைசி நாற்காலிவரை கேட்டது. அந்தப் பழைய குரல்.

ஹாலே விறைத்துப்போனது. பையன் வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். “நல்ல காரியத்துல இன்னா வார்த்த இது” என்று ஒருத்தி சொன்னாள். தங்கராஜ் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். “எங்கண்ணனப் பார்த்து சொல்ற வார்த்தையா இது? இன்னா சம்பந்தம்டா இது” என்று கிஷோரைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். முடிந்தது என்றுதான் நினைத்தேன். உள் அறைக் கதவுக்குப் பின்னால் ஜோதிகா நின்று கேட்டுக்கொண்டிருப்பாள் என்பது நினைவுக்கு வந்ததும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாது. நான் எழுந்து நின்றேன்.

“அவரு உங்களத் திட்டல. மூளையில அடைப்பு வந்ததுல மத்த வார்த்தையெல்லாம் அவருக்கு மாட்டிக்கினு கீது, இது ஒண்ணுதான் தானா வருது. எனக்கு தெனம் பத்து வாட்டி வருது, நான் இன்னா ஓடியா பூட்டேன்? பொண்ணு ஊட்டுப் பத்திரிகைய பொண்ணோட அப்பன்தான் பட்ப்பாரு. எவ்ளோ நேரமானாலும் சரி. எட்மாஸ்டர் ஐயா, மனசுல வச்சிக்காதீங்க, உக்காருங்க.”

வேண்டாம் என்று ஒரு மாதமாக அவரோடு சண்டை போட்டவள் நான். என் வாயிலிருந்து இது வந்தது எனக்கே ஆச்சரியம். மனோகரன் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், போய் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் உட்கார்ந்ததும் தம்பிக்கும் வேறு வழியில்லை.

“நீ படிய்யா. வராதத உட்டுடு” என்றேன்.

விடுவது அவருக்குச் சாவு மாதிரி. ஆனாலும் விட்டார். முன்னால் இருந்த மேஜையில் தாளை விரித்தார், இடது கை விரல் முதல் வரியைத் தாண்டியது. “ஆவணி” என்றார். நிறுத்தினார். “வெள்ளிக்கெயம.” தாண்டினார். “கள்ளிக்குப்பம்.” அது உரக்க வந்தது. “கன்னியப்பன். கெங்கம்மா.” என் பெயரைச் சொன்னபோது என் பக்கம் திரும்பாமல் தாளையே பார்த்தார். “பொண்ணு” என்றார்.

அடுத்தது அந்தப் பெயர். விரல் அதன் மேல் நின்றது.

“பாப்பா.”

தலையை ஆட்டினார். விரலை எடுத்து மறுபடி வைத்தார்.

“பாப்பா.”

எங்கள் தெருப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தார்கள். அவர் காலால் தரையை ஓங்கி மிதித்தார். மூன்றாவது தடவையும் அதுதான் வந்தது, இந்தத் தடவை உடைந்த குரலில். பிறகு விரலைக் கீழே நகர்த்தி, “பூந்தமல்லி. மாப்ள. கிஷோரு. கண்ணாலம்” என்று படபடவென்று முடித்து, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

யாரோ கைதட்டினார்கள். தங்கராஜே மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டை எடுத்தார். மனோகரன் வந்து இவர் கையைப் பிடித்து, “இப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதில்லைங்க” என்றார். ஜோதிகாவை அழைத்து வந்தார்கள், மாலை போட்டார்கள், ஃபோட்டோ எடுத்தார்கள். பந்தியில் ஒவ்வொருத்தராக இவரிடம் வந்து, பாப்பான்னு சொன்னீங்களே, அதுதான் நெஞ்சைத் தொட்டுச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவர் இலையில் ஒன்றையும் தொடவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் பட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். காபி கொடுத்தேன். “நல்லாத்தான்யா பட்ச்ச. அல்லாரும் சொன்னாங்க” என்றேன்.

“பட்க்கல” என்றார். “பேரு. நானு... வச்சது.”

“பாப்பாவும் அவ பேருதானே.”

“இல்ல” என்று கட்டிலை அடித்தார். காபி சிந்தியது. எனக்கும் பொறுமை போய்விட்டது. இன்னும் என்னதான் வேண்டும் இந்த மனுஷனுக்கு என்று இருந்தது.

புடவை மாற்றிக்கொண்டு ஜோதிகா வந்தாள். தலையில் இன்னும் பூ இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்துப் பிரித்து, மடியில் வைத்தாள். தன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

அவர் பார்த்தார். “பாப்பா” என்றார், எரிச்சலோடு.

“அது இல்லப்பா” என்றாள் அவள். “தப்பு. திரும்பப் படி.”

நான் அதிர்ந்து அவளைப் பார்த்தேன். காலையிலிருந்து அத்தனை பேரில் தப்பு என்று சொன்னது அவள் ஒருத்திதான். அவர் முகத்தைப் பார்த்தேன், கத்தப்போகிறார் என்று. கத்தவில்லை. அன்றைக்கு முதல் தடவையாக அந்த முகத்தில் இறுக்கம் குறைந்திருந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவள் விரலைத் தள்ளிவிட்டுத் தன் விரலை அந்தப் பெயரின் மேல் வைத்தார்.